வங்கி இருந்த தெரு

கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்கினால் லெபோ அம்பாங் ஐந்து நிமிட நடைதான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கடைகள் பாதி மூடியிருக்கும். வாகன இரைச்சல் குறைவு. அண்ணாந்து பார்த்து நடக்க நேரம் கிடைக்கும். இந்தத் தெருவில் அண்ணாந்து பார்க்காவிட்டால் ஒன்றும் தெரியாது. கீழ்த்தளத்தில் உணவகமும் நாணயமாற்றுக் கடையும் பயண முகவர் அலுவலகமும் இருக்கும். மேல்தளச் சுவரிலோ பழைய ஓடுகளும் மயில் உருவங்களும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை செட்டியார்கள் விட்டுச் சென்றவை.

ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கே செட்டித் தெரு என்றுதான் பெயர் சொல்வார்கள். நம்மவர்களுக்கு வங்கி என்றால் முதலில் இதுதான். வெள்ளைக்காரன் வங்கியில் நுழைய மொழி வேண்டும், சொத்து வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். செட்டியார் கிட்டங்கியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் போதும்.

கிட்டங்கியைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் ஓடும் கடைவீடு அது. நடுவில் நடை. இரு பக்கமும் தரையில் பாய். ஒவ்வொரு பாய்க்கும் ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம், ஒரு பேரேடு. ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம். ஊரிலிருந்து மூன்றாண்டுக் கணக்கில் அனுப்பப்பட்ட மேலாள் கடன் கொடுப்பார். அடுத்தாள் கணக்கு எழுதுவார். பெட்டியடிப் பையன் எடுபிடி வேலை பார்ப்பான். மாத வட்டி எவ்வளவு என்பது கோயிலில் கூடிப் பேசி முடிவாகும். ரப்பர்த் தோட்டச் சிறு முதலாளியிலிருந்து ஈயச் சுரங்கக்காரர், மளிகைக்கடைக்காரர் வரை இங்கே வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்று இந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு ஒரு கேள்வி. பணம் இருந்த இடம் எப்படிப் பணம் இல்லாத இடமாகிறது? வங்கிகள் இணையும்போது வரைபடத்தில் என்னவெல்லாம் நகர்கிறது? அந்தக் கேள்வியோடு சில வாரங்களாக விடுமுறை நாள்களில் அலைந்தேன். அந்த அலைச்சலில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் தொடங்கிய பணம்

லெபோ அம்பாங்கை நடுவில் வைத்துப் பத்து நிமிட நடைத் தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். பழைய கோலாலம்பூரின் பணம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.

தெருமுனையில் எண் 2இல் ஹாங்காங் பேங்க். நம் தாத்தாக்கள் அப்படித்தான் சொல்வார்கள், இன்றைய எச்எஸ்பிசி. ஆற்றைக் கடந்து மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போனால் 1909இல் கட்டிய சார்ட்டர்ட் வங்கிக் கட்டடம். 1926 பெருவெள்ளத்தில் அதன் பெட்டக அறைக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்த நோட்டுகளை எதிரே இருந்த திடலில் வெயிலில் காயவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இப்போது அது இசை அருங்காட்சியகம். மேடான் பாசார் பக்கம் திரும்பினால் ஓசிபிசி கட்டடம், 1930களின் பாணியில் வளைந்து நிற்கிறது. அந்த வங்கியே இணைப்பில் பிறந்ததுதான். உலகப் பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த 1932இல் சிங்கப்பூரின் மூன்று சீன வங்கிகள் ஒன்றானதால் கிடைத்த பெயர் அது.

எல்லாம் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருந்தன? காரணம் எளிது. காசோலையையும் கடிதத்தையும் ஆள் கையில் கொடுத்தனுப்பிய காலம் அது. ஒரு வங்கிப் பையன் வெயிலில் நடந்து இன்னொரு வங்கிக்குப் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் வங்கித் தொழிலின் எல்லை. ஈயமும் ரப்பரும் ஆற்று முகத்துக்கு வந்தன. வணிகர்கள் அங்கே இருந்தார்கள். வங்கிகளும் அங்கே இருந்தன.

டெல்லியில் முடிவு, கோலாலம்பூரில் பலகை

அம்மாவைப் பெற்ற தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு சேமிப்புப் புத்தகங்கள் இருந்தன. இரண்டும் ஒரே கணக்கு. ஆனால் அட்டையில் இரண்டு வெவ்வேறு பெயர்கள். முதலாவதில் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க். இரண்டாவதில் யுனைடெட் ஏசியன் பேங்க்.

அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை. 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தார்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். கிட்டங்கிப் பணத்தை நவீன வங்கிக்குள் கொண்டுவரும் முயற்சி அது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் வந்தன. ஐஓபி என்றால் நம்மவர்களுக்கு ஊருக்குப் பணம் அனுப்பும் இடம். தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் முகப்பு.

1969 ஜூலை 19ஆம் தேதி இந்திய அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. ஐஓபி, இந்தியன் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் மூன்றும் அதில் அடக்கம். டெல்லியில் எடுத்த அந்த முடிவு நான்கு ஆண்டுகளில் கோலாலம்பூரைத் தொட்டது. அயல்நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி மலேசியாவில் இயங்கக்கூடாது என்று இங்குள்ள சட்டம் சொன்னது. 1973இல் ஐஓபி தன் ஐந்து மலேசியக் கிளைகளையும் விட வேண்டியதாயிற்று. மூன்று இந்திய வங்கிகளின் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏசியன் பேங்க் ஆயின. தாத்தாவின் பெட்டியில் இரண்டாவது புத்தகம் அப்படித்தான் வந்தது.

சிங்கப்பூரில் அப்படி நடக்கவில்லை. அங்கே ஐஓபியும் இந்தியன் பேங்கும் இன்றும் சொந்தப் பெயரிலேயே இயங்குகின்றன. ஒரே ஊரில் பிறந்த வங்கிக்கு ஜோகூர் பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி.

தாத்தா 1980களில் கணக்கை மூடி, அந்தப் பணத்தை வீடு வாங்கப் போட்டுவிட்டார். மூடாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு இன்னும் எத்தனை பெயர் மாறியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1991இல் யுனைடெட் ஏசியன் பேங்க், பேங்க் ஆஃப் காமர்ஸுடன் சேர்ந்தது. 1999 அக்டோபரில் அது பேங்க் பூமிபுத்ராவுடன் சேர்ந்து பூமிபுத்ரா-காமர்ஸ் ஆனது. 2006இல் சிஐஎம்பி ஆனது. தாத்தா இடத்தை விட்டு நகராமலே ஐந்து வங்கிகளுக்கு வாடிக்கையாளராகியிருப்பார்.

இந்திய வங்கிகள் 2012இல் மீண்டும் வந்தன. பேங்க் ஆஃப் பரோடா, ஐஓபி, ஆந்திரா பேங்க் மூன்றும் கூட்டாகக் கோலாலம்பூரில் இந்தியா இண்டர்நேஷனல் பேங்க்கைத் தொடங்கின. 2020 ஏப்ரலில் இந்தியாவில் ஆந்திரா பேங்க், யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. இங்கே உள்ள வங்கியின் பங்குதாரர் பெயர் மறுபடியும் மாறியது. அரை நூற்றாண்டு கழித்தும் அதே கதைதான்.

54இலிருந்து 10

அதுவரை நடந்தவை தனித்தனிக் கல்யாணங்கள். 1999–2000இல் நடந்தது கூட்டுத் திருமணம்.

1997 ஜூலையில் தாய்லாந்து பாட் சரிந்தது. ரிங்கிட்டும் சரிந்தது. கடன் வாங்கிய நிறுவனங்கள் திருப்பிக் கட்ட முடியாமல் தவித்தன, வங்கிகள் தள்ளாடின. 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தினார்கள். வாராக்கடன்களை வாங்க டானாஹர்த்தா, வங்கிகளுக்கு முதலீடு கொடுக்க டானாமோடல் என்று இரண்டு அமைப்புகள் உருவாயின. சிறிய நாட்டுக்கு இத்தனை சிறு வங்கிகள் தாங்காது என்ற எண்ணம் பேங்க் நெகாராவில் வலுத்தது.

1999 ஜூலையில் ஓர் அறிவிப்பு வந்தது: உள்நாட்டு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆறு குழுக்களாக இணைய வேண்டும். யார் யாருடன் என்பதும் மேலிருந்தே சொல்லப்பட்டது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் அக்டோபரில், உங்கள் துணையை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தார்கள். 2000 பிப்ரவரியில் இறுதிப் பட்டியல் வந்தது. 54 நிறுவனங்கள், 10 தலைமை வங்கிகள். அந்த ஆண்டு முடிவதற்குள் இணைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது.

பசிபிக் பேங்க்கும் பிலியோ அலைட் பேங்க்கும் மேபேங்க்குக்குள் போயின. ஹொக் ஹுவா பேங்க், பப்ளிக் பேங்க்குக்குள். வா தாட் பேங்க், ஹொங் லியோங்குக்குள். ஓரியண்டல் பேங்க், இஓஎன் பேங்க்குக்குள். பான் ஹின் லீ, சதர்ன் பேங்க்குக்குள். பின்னர் 2006இல் சதர்னும் 2011இல் இஓஎன்னும் மறைந்தன. பத்து எட்டானது.

மகா மாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் துன் எச்.எஸ். லீயை நமக்கு நன்றாகத் தெரியும். தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் சாலை. அந்த எச்.எஸ். லீ நாட்டின் முதல் நிதியமைச்சர்; டி அண்ட் சி வங்கியை நிறுவியவர். அவருடைய வங்கியும், 1913இல் தொடங்கிய குவோங் யிக் வங்கியும் 1997இல் ஒன்றாகி ஆர்எச்பி பேங்க் ஆயின. சாலைப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் தொடங்கிய வங்கியின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

பினாங்கு இழந்தது

இணைப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பெயர்ப்பலகை மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க நான் ஜார்ஜ்டவுன் போனேன்.

லெபோ பந்தாய் இன்றும் வங்கித் தெருவாகத்தான் தெரிகிறது. சார்ட்டர்ட் வங்கி 1875இலும் ஹாங்காங் பேங்க் 1884இலும் பினாங்குக்கு வந்தன. தூண்களும் உயர்ந்த கதவுகளுமாகக் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அந்த வரிசையில்தான் பான் ஹின் லீ வங்கியின் கட்டடமும் இருக்கிறது. அதைத் தொடங்கிய இயாப் சோர் ஈ, சீனாவிலிருந்து வந்து தெருத் தெருவாகப் போய் முடி திருத்தியவர். பிறகு கடை வைத்து, வணிகம் செய்து, வங்கியே நிறுவினார்.

அந்த வங்கியின் தலைமையகம் பினாங்கில் இருந்தது. பினாங்கு வணிகர் ஒருவர் கடன் கேட்டால், அவரைப் பற்றி முடிவு செய்பவர்களும் அதே தீவில் இருந்தார்கள். அவர் கடை எங்கே, அவர் அப்பா யார், போன சீனப் பெருநாளில் சரக்கு எவ்வளவு ஓடியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இது எந்தப் படிவத்திலும் எழுதக்கூடிய தகவல் அல்ல. 2000க்குப் பிறகு கட்டடம் அங்கேயே இருந்தது. முடிவெடுக்கும் நாற்காலி கோலாலம்பூருக்குப் போய்விட்டது.

சரவாக்கிலும் இதே கதை. ஹொக் ஹுவா, வா தாட் இரண்டும் சிபுவில் தலைமையகம் கொண்டிருந்தவை. ராஜாங் ஆற்றங்கரையின் அந்தச் சிறு பட்டணத்தில் இரண்டு வங்கித் தலைமையகங்கள் இருந்தன என்று இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். சிஐஎம்பியின் ஒரு வேர், கூச்சிங்கில் 1924இல் தொடங்கிய பியான் சியாங் வங்கி. அதுதான் பின்னாளில் பேங்க் ஆஃப் காமர்ஸ் ஆனது. இன்னொரு வேர், காரைக்குடிச் செட்டியார் தொடங்கிய வங்கியின் மலேசியக் கிளைகள். வேறொரு வேர், பினாங்கில் முடி திருத்திய மனிதரின் வங்கி. மூன்று ஊர். மூன்றும் ஒரே சிவப்புப் பலகையின் கீழ் வந்து சேர்ந்துவிட்டன.

இரண்டே நிறுத்தம்

அந்தச் சிவப்புப் பலகையின் தலைமையகம் இப்போது எங்கே இருக்கிறது? மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் ஏறினால் பாசார் செனி, அடுத்து கேஎல் செண்ட்ரல். இரண்டே நிறுத்தம். இறங்கினால் மெனாரா சிஐஎம்பி. சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை, வாழை இலைச் சாப்பாடு. செட்டித் தெருவில் ஒரு கால் வைத்திருந்த வங்கி, சுற்றிச் சுற்றி லிட்டில் இந்தியாவின் வாசலுக்கே வந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டதல்ல. பழைய ரயில்வே நிலம் காலியானது, கோபுரங்கள் எழுந்தன, அவ்வளவுதான்.

பாசார் செனியில் இறங்கி எம்ஆர்டி மாறினால் மெர்டேக்கா, புக்கிட் பிந்தாங், அதற்கடுத்து டிஆர்எக்ஸ். மூன்று நிறுத்தம். லெபோ அம்பாங் எண் 2இல் இருந்த எச்எஸ்பிசி தலைமையகம் 2022இல் அங்கே போனது. அஃபின் வங்கியும் அங்கேதான். நான் போன சனிக்கிழமை பேரங்காடியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வங்கிக் கோபுரங்களின் கீழ்த்தளம் மட்டும் அமைதியாக இருந்தது. உள்ளே நுழையத் தடுப்புக் கதவில் அட்டை தட்ட வேண்டும். அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் அந்த அட்டை இருக்கிறது, வாடிக்கையாளரிடம் இல்லை.

இதுதான் பெரிய வேறுபாடு என்று எனக்குத் தோன்றியது. லெபோ அம்பாங்கில் வங்கி என்பது வாடிக்கையாளர் வந்து உட்காரும் பாய். டிஆர்எக்ஸில் வங்கி என்பது ஊழியர்கள் உட்காரும் மாடி. முன்பு வங்கிகள் வாடிக்கையாளருக்கு அருகில் இருக்க விரும்பின. இப்போது தலைமையகங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்க விரும்புகின்றன.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இது புதிதல்ல. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களின் பிற்பகுதியில் இடிபட்டன. 1998இல் பிஓஎஸ்பி, டிபிஎஸ்ஸின் கைக்குப் போனது. 2001இல் ஓயுபியை யுஓபி வாங்கியது. ராஃபிள்ஸ் பிளேசின் ஓயுபி செண்டர் இன்று ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ். பிஓஎஸ்பி பெயரை மட்டும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சேமிப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கிய உறவின் மதிப்பு வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழைய சாலையோரப் பட்டணம்

கோலாலம்பூரில் இரண்டு நிறுத்தம், மூன்று நிறுத்தம் என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் நிறுத்தமே இல்லை.

அப்பா பேராவில் இருக்கிறார். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஒதுக்கிவிட்டுப் போன பழைய சாலையோரப் பட்டணம். சுற்றிலும் எண்ணெய்ப்பனை. நான் பள்ளியில் படித்தபோது கடைத்தெருவில் இரண்டு வங்கிகளும் ஒரு நிதி நிறுவனமும் இருந்தன. சம்பள நாளில் தோட்டத்து லாரிகள் வந்து நிற்கும். வங்கியில் பணம் எடுத்து, எதிர்க்கடையில் பாக்கி கட்டி, பக்கத்துக் கடையில் பிள்ளைகளுக்கு மீ கோரேங் வாங்கிக்கொண்டு போவார்கள். நிதி நிறுவனத்தில்தான் நம்மவர்கள் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுவார்கள். வீடு இருந்ததோ இல்லையோ, தவணையில் ஒரு மோட்டார் இருக்கும்.

நாடு முழுக்க நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. 2004 தொட்டு நிதி நிறுவனங்கள் தாய் வங்கிகளுக்குள் கரைந்தன. ஒரே கடைவரிசையில் இரண்டு பலகைகள் ஒரே முதலாளிக்குச் சொந்தமானால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. ஒரு தெருவுக்கு ஒரே வங்கியின் இரண்டு கிளை எதற்கு? ஆனால் கணக்கு அங்கே நிற்பதில்லை. மூன்று பலகை ஒன்றானபோது, மீதமிருந்த அந்த ஒன்றும் தலைமையகக் கணக்கேட்டில் வெறும் ஒரு வரி. அதைச் சில ஆண்டுகளுக்கு முன் மூடினார்கள். எந்த வங்கி என்று இங்கே எழுதவில்லை. உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு பெயர் இருக்கும். பணம் எடுக்கும் இயந்திரத்தைக் கொஞ்சநாள் விட்டுவைத்தார்கள். பிறகு அதுவும் போனது. அடுத்த கிளை 20 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து எப்போதாவது வரும்.

போன தீபாவளிக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அப்பா, இப்ப பணம் எப்படி எடுக்குறீங்க?"

"நம்ம மளிகைக்கடைத் தம்பிதான்மா. மாசத்துக்கு ரெண்டு தடவை சரக்கு எடுக்க டவுனுக்குப் போறான். கார்டைக் கொடுத்துவிட்டா எடுத்துட்டு வந்துடுவான்."

"பின் நம்பர்?"

"அது எனக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கு? தாளில எழுதி கார்டோட சேர்த்துதான் வெச்சிருக்கேன்."

ரப்பர் வளையம் போட்டு அட்டையையும் தாளையும் ஒன்றாகக் கட்டியிருந்தார். அதே மாதிரி இன்னும் ஆறேழு பேர் அந்தத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறார்களாம். அவர் நல்லவர். இதுவரை ஒரு சென் குறைந்ததில்லை. ரசீதைக்கூடப் பத்திரமாகக் கொடுக்கிறார். ஆனாலும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அந்தப் பை ஒருநாள் வழியில் பறிபோனால்? இரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுத்தீர்கள் என்று வங்கி கைகழுவிவிட்டால்? ஏழு வயோதிகர்களின் சேமிப்பு ஒரே சட்டைப்பையில் போய் வருகிறது. அன்று கிட்டங்கியில் மேலாளை நம்பினோம். அவரிடம் பேரேடு இருந்தது. இன்று மளிகைக்கடைத் தம்பியை நம்புகிறோம். அவரிடம் நல்ல மனம் மட்டும்தான் இருக்கிறது.

கைப்பேசியில் செய்யலாமே என்பார்கள். செய்யலாம். என் தலைமுறைக்கு அது வசதிதான். நான் வங்கிக் கிளைக்குள் கால் வைத்தே நாளாகிறது. அப்பாவுக்குக் கண் மங்கல். தவிர, அழைப்பில் வரும் மோசடிக்காரர்களைப் பற்றிச் செய்தியில் கேட்டுக் கேட்டுக் கைப்பேசியைத் தொடவே பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வரவும் உண்டு

ஒருதலைப்பட்சமாக எழுதக்கூடாது. இணைப்பினால் நன்மையும் உண்டு. 1980களிலும் 1990களிலும் இங்கே தள்ளாடிய வங்கிகள் பல. 2008இல் உலகமே ஆடியபோது மலேசிய வங்கிகள் நின்று சமாளித்தன. 2005இல் பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் வந்தது. உறுப்பு வங்கி ஒன்று விழுந்தால் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு இருக்கிறது. கிட்டங்கி முடங்கினால் தாத்தா காலத்தில் கேட்க நாதியில்லை.

சிறு பட்டணங்களை மறந்துவிடாத ஏற்பாடும் ஒன்று உண்டு. 2012 முதல் முகவர் வங்கிச் சேவை நடக்கிறது. மளிகைக்கடை, எண்ணெய் நிலையம் போன்ற இடங்களே வங்கியின் சார்பில் பணம் பெறலாம், கொடுக்கலாம். பழைய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் வாரிசாக 1974இல் வந்த பேங்க் சிம்பானான் நேஷனல் இதில் பரவலாக இயங்குகிறது. எங்கள் ஊரிலும் ஒரு சீனர் கடையில் அதன் பலகை தொங்குவதை அந்தத் தீபாவளிப் பயணத்தில்தான் கவனித்தேன். அப்பாவுக்கு அங்கே ஒரு கணக்கு திறந்தோம். பெரிய தொகை பழைய வங்கியிலேயே இருக்கிறது. மாதச் செலவுக்கானதை மட்டும் நான் கைப்பேசி வழி இந்தக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அவரே நடந்து போய், தன் அட்டையைத் தன் கையால் கொடுத்து எடுத்துக்கொள்கிறார். இரகசிய எண்ணாக அம்மா சம்பந்தப்பட்ட ஓர் எண்ணை வைத்தோம். அது மறக்கவில்லை.

நீங்கள் போகும்போது

இந்த நடையை நீங்களும் ஒரு விடுமுறையில் பிள்ளைகளோடு செய்யலாம். மஸ்ஜிட் ஜாமெக்கில் தொடங்கி லெபோ அம்பாங், மேடான் பாசார், ஜாலான் துன் எச்.எஸ். லீ, மாரியம்மன் கோயில் என்று நடந்தால் இரண்டு மணி நேரம். வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். வடநாட்டுப் பக்கம் போகிறவர்கள் லெபோ பந்தாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளந்தான் போனால் கோத்தா பாருவில் 1912இல் கட்டிய மெர்க்கண்டைல் வங்கியைப் பாருங்கள்; ஜப்பானியர் காலத்தில் கெம்பெய்த்தாய் தலைமையகமாக இருந்த அது இன்று போர் அருங்காட்சியகம்.

கிளம்புமுன் வீட்டில் இருக்கும் பழைய சேமிப்புப் புத்தகங்களைத் தேடி எடுத்துப் பாருங்கள். பெயர் மறைந்துபோன வங்கி என்றால் பணம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இணைப்பில் கணக்குகள் புதிய வங்கிக்குப் போகும். ஏழு ஆண்டுகள் தொடப்படாத கணக்கில் உள்ள பணம், 1965ஆம் ஆண்டு உரிமை கோரப்படாத பணச் சட்டப்படி அரசாங்கக் கணக்குக்கு மாற்றப்படும். தலைமைக் கணக்காளர் துறையின் இகுமிஸ் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடலாம். இறந்தவரின் பணத்தை வாரிசுகள் கோரலாம். தாத்தா பாட்டி கணக்கென்றால் பழைய அடையாள அட்டை எண்ணையும் போட்டுப் பாருங்கள். இன்றைய 12 இலக்க எண் வருவதற்கு முன் திறந்த கணக்குகள் பல உண்டு.

இன்னொன்று. ஊரில் பெற்றோர் இருந்தால், அடுத்த முறை போகும்போது பலகாரம் சாப்பிட்டு முடித்தபின் இரண்டு கேள்வி கேளுங்கள். பணம் எங்கே எடுக்கிறீர்கள்? அட்டை யாரிடம் இருக்கிறது? பதிலைக் கேட்டுவிட்டுக் கோபப்படாதீர்கள். கடைத்தெருவுக்கு ஒரு நடை போய், அருகில் எந்தக் கடையில் முகவர் பலகை தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.